திங்களின் திரும்பா முகம்

குழந்தைக்குச் சோறூட்டும் தாய் முழுநிலவைக் காட்டி, "அதோ பார், அங்கே ஒரு பாட்டி வடை சுடுகிறாள்" என்பாள். அடுத்த வீட்டில் அதே கறை முயலாக மாறும். முயற்கறை என்றே நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். பாட்டியோ முயலோ, ஒன்று மட்டும் உறுதி. நம் பாட்டனார் கண்ட கறையைத்தான் நாமும் காண்கிறோம். நம் பேரர்களும் அதனையே காண்பர். அந்தப் பாட்டி ஒரு நாளேனும் நமக்கு முதுகைக் காட்டியதில்லை.

இஃது ஏன்? சிறு குழந்தையும் கேட்கக்கூடிய இவ்வினாவுக்கு விடை காண மனித இனம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அவ்வுழைப்பின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன். இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், 1987-ல், ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினேன். நிலவைப் பற்றிய பாடத்தில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நிலவு ஏன் ஒரே பக்கத்தைக் காட்டுகிறது?" என்றான். நான் சற்றும் தயங்காமல், "அது தன்னைத்தானே சுற்றுவதில்லை, பூமியை மட்டுமே சுற்றுகிறது. அதனால்தான்" என்றேன். குறிப்பேட்டிலும் அவ்வாறே எழுதச் செய்தேன். தேர்வு வந்தது. அம்மாணவன் விடைத்தாளில், நிலவும் தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதி, பக்கத்தில் நான்கு மாட வீதிகளையும் ஒரு தேரையும் வரைந்திருந்தான். நான் சிவப்பு மையால் அதனைக் குறுக்கே கோடிட்டு அடித்தேன். தாளைப் பெற்றுக்கொண்ட அவன், "ஐயா, தேர் திரும்புகிறதே?" என்று மெல்லிய குரலில் கேட்டான். "எழுதிக் கொடுத்ததை எழுது" என்று நான் அவனை அமர்த்திவிட்டேன். அந்தத் தேரின் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. அதனை உரிய இடத்தில் சொல்வேன்.

என் பிழை புதிய பிழையன்று, மிகப் பழையது. கிரேக்க நாட்டுப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் அதனை எனக்கு ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார். விண்ணுலகைப் பற்றி அவர் எழுதிய நூலில், திங்களின் முகம் எப்போதும் நமக்குத் தெரிகிறது என்பதைச் சான்றாகக் காட்டி, விண்பொருள்கள் தாமாக உருள்வதில்லை என்று முடிவு கட்டினார். அவர் கண்டது சரி. கொண்ட முடிவுதான் தவறு. கண்ணாற் கண்டதற்கும் கருத்தாற் கொள்வதற்கும் இடையிலுள்ள தொலைவு சில வேளைகளில் புவிக்கும் திங்களுக்கும் இடையிலுள்ள தொலைவினும் பெரிது.

நம் நாட்டு வானநூலாரும் திங்களின் மறுபக்கத்தைப் பற்றி எண்ணியுள்ளனர். பாஸ்கரர் 1150-ல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் ஒரு கருத்து வருகிறது. நீத்தாராகிய பிதிரர் திங்களின் மேற்புறத்தில் வாழ்கின்றனர் என்பது மரபு. அமாவாசையன்று கதிரவன் அவர்களுடைய தலைக்கு நேர் மேலே நிற்கிறான்; ஆதலின் நமக்கு நிலவற்ற அந்நாளே அவர்களுக்கு நண்பகல் என்று அவர் விளக்குகிறார். இதனைக் கொண்டு, அவர் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தார் என்று பெருமை பேச நான் முன்வரமாட்டேன். அந்நூற்பகுதி திங்களின் சுழற்சியை ஆராய எழுந்ததன்று. ஆயினும், நாம் காணாத பக்கத்துக்கும் பகலும் இரவும் உண்டு, அங்கே உச்சிப்பொழுது அமாவாசையில் வரும் என்ற கணக்கு முற்றிலும் உண்மை. இன்றும் பலர் அப்பக்கத்தை இருண்ட பக்கம் என்று சொல்கின்றனர். அது மறைந்த பக்கமே தவிர, இருண்ட பக்கமன்று.

இனி, அந்தத் தேருக்கு வருவோம். கிழக்கு வீதியில் தேர் தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. அதன் வலப்புறம் கோயிலைப் பார்த்திருக்கிறது. மூலையில் கட்டை கொடுத்துத் திருப்பினால் தெற்கு வீதியில் மேற்கு நோக்கிச் செல்கிறது. அடுத்த மூலையில் வடக்கு, அதற்கடுத்த மூலையில் கிழக்கு. நிலைக்கு வந்து சேரும்போது தேர் நான்கு திசைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டது. அஃதாவது, தன்னளவில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. ஆனால் கோயிலுக்குள் நின்று பார்ப்பவருக்கு எப்போதும் தேரின் வலப்புறமே தெரிந்தது. தேர் திரும்பாமல், தெற்கு நோக்கிய முகத்தோடேயே நான்கு வீதிகளிலும் இழுக்கப்பட்டிருந்தால், கோயிலுக்குள் இருப்பவர் அதன் நான்கு புறங்களையும் கண்டிருப்பார். ஆகவே, ஒரே பக்கம் தெரிவது சுழலாமைக்கு அடையாளமன்று. வலம் வரும் காலமும் தன்னைத்தானே சுழலும் காலமும் ஒத்திருப்பதற்கே அடையாளம். திங்கள் விண்மீன்களை நோக்கப் புவியை ஒருமுறை வலம் வர 27 நாள் 7 மணி 43 நிமிடம் ஆகிறது. நம்மவர் 27 நாள்மீன்களை வகுத்ததும் இக்கணக்கை ஒட்டியே. தன்னைத்தானே ஒருமுறை சுழலவும் திங்களுக்கு அதே காலம்தான் ஆகிறது.

சான்று என்ன என்று கேட்பீர்கள். அதனை முதலில் தந்தது தொலைநோக்கி. இத்தாலிய அறிஞர் கலிலியோ 1609-ல் தம் தொலைநோக்கியைத் திங்கள்மேல் திருப்பினார். பல்லாண்டுகளுக்குப் பின், 1637-ல், முதுமையில் வீட்டுக்காவலில் இருந்தபோது, வெனிஸ் நகர நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு புதுமையைக் குறித்தார். திங்களின் விளிம்பை ஒட்டிய கறைகள் சில காலம் விளிம்பை நெருங்குகின்றன. சில காலம் விலகுகின்றன. திங்கள் நம்மை நோக்கி மெல்லத் தலையசைக்கிறது! அவ்வாண்டு முடிவதற்குள் கலிலியோவின் இரு கண்களும் ஒளியிழந்தன. அவருடைய தொலைநோக்கி கண்ட கடைசிப் பெரும் உண்மை இதுவே.

போலந்தின் கடற்கரை நகரான தான்சிக்கில் பீர் வடிக்கும் தொழில் நடத்திவந்த எவேலியசு என்பார், தம் வீட்டுக் கூரைமேல் வானாய்வுக் கூடம் அமைத்து, 1647-ல் திங்களின் விரிவான படத்தொகுப்பை வெளியிட்டார். இந்தத் தலையசைப்பினால் விளிம்பில் தோன்றி மறையும் இடங்களையும் அவர் படத்திற் காட்டினார். இன்றைய கணக்கின்படி, நாம் பொறுமையோடு நோக்கினால் திங்களின் மேற்பரப்பில் நூற்றுக்கு 50 பங்கன்று, 59 பங்கைக் காணலாம்.

இத்தலையசைப்பே திங்களின் சுழற்சிக்கு நல்ல சான்று. திங்களின் பாதை சரியான வட்டமன்று, நீள்வட்டம். ஆதலின் புவிக்கு அருகில் விரைவாகவும் தொலைவில் மெதுவாகவும் அது செல்கிறது. ஆனால் தன்னைத்தானே சுழலும் வேகம் சீரானது. ஒன்று முந்துகிறது, மற்றொன்று பிந்துகிறது. அவ்வேறுபாட்டினால் ஓரங்கள் சிறிது தென்படுகின்றன. கோயிலைச் சுற்றும் ஒருவர் நடையை விரைவாக்கியும் தளர்த்தியும், உடலை மட்டும் ஒரே சீராகத் திருப்பிக்கொண்டு வந்தால், அவருடைய மார்பும் முதுகும் சிறிது சிறிதாக உள்ளிருப்போர்க்குத் தெரியுமல்லவா? அவ்வாறே இதுவும். பாரிசு வானாய்வுக் கூடத்தைச் சேர்ந்த காசினி 1693-ல் திங்களின் சுழற்சிக்குரிய விதிகளை வகுத்தார். சுழற்சி சீரானது, அதன் காலம் வலம் வரும் காலத்துக்குச் சமம் என்பது அவற்றுள் முதன்மையானது.

இதுவரை கண்டது, நிகழ்வது எவ்வாறு என்பது. இனி, ஏன் என்ற வினா. இரண்டு காலங்களும் இம்மி பிசகாமல் ஒத்திருப்பது தற்செயலாக இருக்க முடியுமா?

நியூட்டன் 1687-ல் வெளியிட்ட பெருநூலில் இதற்கு வழி திறந்தார். திங்களின் ஈர்ப்பு நம் கடல்களில் ஓதம் எழுப்புவது போல, புவியின் ஈர்ப்புத் திங்களின் உடலையே சிறிது நீட்டியிருக்க வேண்டும். அந்த நீண்ட அச்சு புவியை நோக்கி நிற்கும். ஒரே முகம் தெரிவதற்கு அதுவே காரணம் என்றார். அவர் கணக்கிட்ட நீட்சி 200 அடிக்கும் குறைவு. அத்துணைச் சிறிய புடைப்பு அத்துணைப் பெரிய உருண்டையைப் பிடித்து நிறுத்துமா என்று தோன்றும். சிறு துளி பெருவெள்ளம். காலம் நீளமாயின் சிறு விசையும் பெருவினை முடிக்கும்.

செருமானிய மெய்ப்பொருளறிஞர் காந்து, 1754-ல், தம் 30-ஆம் வயதில், அடுத்த படியை எடுத்து வைத்தார். ஓதங்கள் புவியின் சுழற்சியை மெல்லத் தளர்த்துகின்றன. அவ்வாறே புவியின் ஈர்ப்பும் திங்களின் பழைய வேகத்தைத் தளர்த்தி, இன்றைய நிலைக்குக் கொணர்ந்தது என்று எழுதினார். திங்களின் அசைவுகளை விளக்குவோர்க்குப் பாரிசுக் கழகம் அறிவித்த பரிசை 1764-ல் இளைஞர் இலாகிராஞ்சி வென்றார். பரிணாமக் கொள்கை கண்ட தார்வினுடைய மகன் சார்சு தார்வின், 1879 முதல் ஓத உராய்வைப் பற்றிய கணிதத்தை விரிவாக வளர்த்தார்.

இவர்கள் கண்ட உண்மையைச் சுருக்கிச் சொல்கிறேன். ஈர்ப்பு அருகில் மிகுதி, தொலைவிற் குறைவு. ஆதலால் திங்களின் அண்மைப் பக்கத்தைப் புவி வலுவாகவும், சேய்மைப் பக்கத்தைச் சற்று மெலிவாகவும் இழுக்கிறது. இவ்வேறுபாட்டினால் திங்கள் புவியின் திசையில் நீண்டு, முன்னும் பின்னும் இரு புடைப்புகளைப் பெறுகிறது. தொடக்கத்தில் திங்கள் இன்றைக்கும் விரைவாகச் சுழன்றது. பாறை உடனே வளைந்து உடனே நிமிர்வதன்று. ஆகவே சுழற்சி அப்புடைப்புகளைப் புவியின் நேர்க்கோட்டிலிருந்து சிறிது முன்னே கொண்டு சென்றது. புவியோ அருகிலிருந்த புடைப்பைப் பின்னுக்கு இழுத்தது. மேட்டிலிருந்து இறங்கும் வண்டிச் சக்கரத்தில் முட்டுக்கட்டை உராய்வது போல, அந்த இழுப்பு திங்களின் சுழற்சியைத் தளர்த்தியது. ஓடிய ஆற்றல் திங்களின் உடலுக்குள் வெப்பமாகக் கழிந்தது. புடைப்பு புவியை நேராக நோக்கி நின்றபோது முட்டுக்கட்டைக்கு வேலையில்லாமற் போயிற்று. அதற்குப்பின் சற்று விலகினாலும் புவி அதனை இழுத்துப் பழைய நிலைக்கே கொணரும். திங்கள் பூட்டப்பட்டது.

இவ்வளவு தெளிவான பின்னும் பிழை மறைந்ததா என்றால், இல்லை. 1856-ல் இங்கிலாந்தில் செலிங்கர் சைமன்சு என்பவர், திங்கள் தன்னைத்தானே சுழல்வதில்லை என்று வாதிட்டு ஒரு நூலையே வெளியிட்டார். அவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பள்ளிகளின் ஆய்வாளர்! இதனை முதன்முதல் படித்தபோது, ஆய்வாளரே தவறும்போது ஆசிரியன் தவறியது பெரிதோ என்று எனக்குச் சிறிது ஆறுதல் பிறந்தது உண்மை. 1919-ல் மின்னியல் மேதை நிக்கோலா தெசுலாவும் அதே கருத்தைக் கட்டுரையாக எழுதினார். இவர்கள் அனைவரும் மயங்கிய இடம் ஒன்றே. தேரின்மேல் நிற்பவர் கோயிலையே பார்த்திருந்தால் தேர் திரும்பியதை உணரார். தொலைவிலுள்ள மலையைப் பார்த்தால் உணர்வார். திங்களின் சுழற்சியைப் புவியைக் கொண்டு அளக்கக் கூடாது. விண்மீன்களைக் கொண்டு அளக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை நேர்ந்தது. இத்தாலிய வானநூலார் சியாப்பரெல்லி 1889-ல், புதன் கோளும் திங்களைப் போலவே கதிரவனுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று அறிவித்தார். உலகம் அதனை நம்பியது, பாடநூல்களில் அச்சிட்டது. 1965-ல் போர்ட்டோரிக்கோத் தீவின் அரசிபோவிலிருந்து இராடார் அலைகளைச் செலுத்திப் பார்த்தபோது, அஃது உண்மையன்று என்று புலப்பட்டது. புதன் கதிரவனை இருமுறை வலம் வருவதற்குள் தன்னைத்தானே மூன்று முறை சுழல்கிறது. 76 ஆண்டுகள் பாடநூல்கள் பிழையைச் சுமந்தன என்பதை ஆசிரியர்கள் மறத்தலாகாது.

இனி, நாம் காணாத அந்தப் பக்கம். 1959 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத்து நாடு லூனா-3 என்னும் கலத்தை ஏவியது. அக்டோபர் 7-ல் அது திங்களின் பின்னே சென்று 29 படங்கள் எடுத்தது. படச்சுருளைக் கலத்துக்குள்ளேயே கழுவி, உலர்த்தி, ஒளிக்கதிரால் வரிவரியாகப் படித்து, வானொலி அலைகளாக்கிப் புவிக்கு அனுப்பியது. படங்கள் தெளிவற்றவைதாம். ஆயினும் அதுவரை எந்தக் கண்ணும் காணாததை அவை காட்டின. நம் முயற்கறை போன்ற கரிய சமவெளிகள் அங்கே மிகச் சில. எங்கும் மேடும் பள்ளமுமே. 1968 டிசம்பரில் அப்பல்லோ-8 கலத்திற் சென்ற போர்மன், லவல், ஆண்டர்சு என்னும் மூவர் அப்பக்கத்தைத் தம் கண்களாலேயே கண்டனர். திங்களின் பின்னே சென்ற ஒவ்வொரு முறையும் அவர்களுடைய குரல் புவியில் கேட்கவில்லை. வானொலி அலைகளைத் திங்களின் உடல் மறைத்துவிட்டது. அத்தடையைக் கடக்கவே, சீன நாடு 2018-ல் இடைநின்று செய்தி கடத்தும் துணைக்கோள் ஒன்றை முன்னதாக அனுப்பிவிட்டு, 2019 சனவரி 3-ல் சாங்கெ-4 கலத்தை அங்கே இறக்கியது. 2024 சூனில் சாங்கெ-6 அம்மண்ணில் 1.9 கிலோவுக்கு மேல் புவிக்குக் கொண்டுவந்தது.

முட்டுக்கட்டை திங்களுக்கு மட்டும் அன்று, புவிக்கும் உண்டு. நம் கடல்களின் ஓதம் புவியின் சுழற்சியைத் தளர்த்திக்கொண்டே இருக்கிறது. அமெரிக்க அறிஞர் சான் வெல்சு 1963-ல், ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பவளக் கற்படிவங்களில் நாள்தோறும் படிந்த மெல்லிய வரிகளை எண்ணினார். ஓராண்டுக்குரிய வளர்ச்சியில் ஏறக்குறைய 400 வரிகள் இருந்தன. அன்றைய ஆண்டுக்கு 400 நாள். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 22 மணி. புவி இழக்கும் சுழற்சியைத் திங்கள் தன் ஓட்டத்திற் பெற்று, மெல்ல அகன்று செல்கிறது. 1969 முதல் அங்கே வைக்கப்பட்ட கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்ததில், அஃது ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுவது தெரிந்தது. திங்கள் நமக்கு முகம் காட்டி நிற்பதும், நம் நாள் நீள்வதும் ஒரே விசையின் இரு வினைகள்.

நேயர்களே, முதலிற் சொன்ன செய்தியை முடிக்க வேண்டும். என் பிழையை நான் உணர்ந்தது அடுத்த ஆண்டில், ஒரு நூலகத்தில் வானநூல் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது. அதில் வட்டப் பாதையும் நான்கு நிலைகளில் திங்களும் வரையப்பட்டிருந்தன. அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். ஒரு விடைத்தாளில், தேராக. மறுநாள் வகுப்பில் பிழையை ஒப்புக்கொண்டு, எல்லாருடைய குறிப்பேட்டிலும் திருத்தச் செய்தேன். ஆனால் திருத்தம் பெறவேண்டிய முதல் மாணவன் அங்கே இல்லை. அவன் தந்தையார் செங்கற்சூளை வேலைக்கு வெளியூர் சென்றுவிட்டதால், கோடை விடுமுறையிலேயே பள்ளியை விட்டுப் போயிருந்தான். எங்கே சேர்ந்தான், மேற்கொண்டு படித்தானா என்பதை அறிய முயன்றேன்; முடியவில்லை.

அதன்பின் 30 ஆண்டுகள் பணியாற்றினேன். தலைமையாசிரியனாக அமர்ந்தபின், புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு ஒன்றை மறவாமற் சொல்வேன்: மாணவன் விடை உங்கள் விடையோடு மாறுபட்டால், சிவப்பு மையை எடுக்கும் முன் ஒருமுறை அவனைக் கேளுங்கள். அரிஸ்டாட்டிலும் ஆய்வாளரும் வழுவிய இடத்தில் வழுவாமல் நின்றவன் 12 வயதுச் சிறுவன். அவன் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. தன் ஊர்த் தேரைப் பார்த்து எழுதினான்.

திங்கள் ஒரே முகத்தைக் காட்டுவதனால் சுழலவில்லை என்று ஆகாது. மாணவன் பேசாமல் அமர்ந்துவிட்டதனால் அவன் தவறினான் என்றும் ஆகாது. அவன் இன்று எங்கேனும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த விடைக்கு முழு மதிப்பெண் உண்டு என்பதை அறிந்துகொள்வானாக.